நோட்டிலிருந்து பொதுத் தளத்துக்கு: தன்னார்வ ஆவணப் பணியாளர்களை எப்படி அழைத்து வருவது?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள குளங்கள், மடைகள், படித்துறைகள் ஆகியவற்றை ஆவணப்படுத்தும் தன்னார்வலர்கள் இருபது பேர் அவருடைய குழுவில் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், விவசாயிகள், கல்லூரி மாணவர்கள், ஒரு தபால்காரர் எனப் பலதரப்பட்டவர்கள். மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த செய்திகள் நோட்டுகளிலும் வேர்டு கோப்புகளிலும் வாட்ஸ்அப் குழுவிலும் சிதறிக் கிடப்பதால், வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில், எல்லோரும் எழுதிச் சேர்க்கக்கூடிய ஒரு பொது உள்ளடக்க மேலாண்மைத் தளத்தை நிறுவி, அரை நாள் பயிற்சியும் நடத்தியிருக்கிறார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று பேர்தான் அதில் எழுதுகிறார்கள். சம்பளம் வாங்காதவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் மனம் வருந்தி விலகிவிடுவார்களோ என்ற அச்சமும் அவருக்கு இருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

நான் பல ஆண்டுகள் மென்பொருள் நிறுவனங்களில் கையேடுகள் எழுதும் பணியில் இருந்துவிட்டு, பாளையங்கோட்டைக்குத் திரும்பிய பிறகு இதே போன்ற ஒரு குழுவுக்கு உதவி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: அந்தப் பதினேழு பேரும் தளத்தை வெறுக்கவில்லை. இத்தனை நாள் அவர்கள் செய்துவந்த வேலையின் மேல், அவர்கள் கேட்காத இன்னொரு வேலையை நாம் ஏற்றி வைத்துவிட்டோம். குளத்தங்கரைக்கு நடந்து போவது, பெரியவர்களிடம் பேசுவது, அளப்பது, படம் எடுப்பது, எழுதுவது எல்லாம் அவர்களுடைய வேலை. கடவுச்சொல், எழுத்துரு மாற்றம், பகுப்பு, பக்க அமைப்பு ஆகியவை தளம் கொண்டுவந்த சுமை. அந்தச் சுமையில் எவ்வளவை நிர்வகிப்பவர் தம் தோளில் எடுத்துக்கொள்கிறாரோ அவ்வளவு பேர் தளத்துக்குள் வருவார்கள்.

பொதுத் தளம் உண்மையிலேயே தேவைதானா என்று உங்கள் குழுவிலேயே சிலர் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை என் எண்ணத்தை மாற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், ஆற்றோரத்தில் குடியிருந்த எங்கள் தோழர் ஒருவரின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் அவர் வைத்திருந்த ஆறு நோட்டுகளும் ஊறிப் போயின. மறுவாரம் மொட்டைமாடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயப்போட்டோம். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது ஓரளவு தப்பியது; மைப் பேனாவால் எழுதியது நீல நிறக் கறையாகப் பரவிவிட்டது. அவர் பத்து ஆண்டுகள் கேட்டுக் கேட்டு எழுதிய மடைப் பெயர்கள் அவை. அவற்றைச் சொன்ன முதியவர்களில் பலர் இப்போது இல்லை. எனவே தளத்தின் தேவையை விளக்க உங்கள் குழுவிடம் அதன் வசதிகளை அடுக்க வேண்டாம். அவரவர் நோட்டு எங்கே இருக்கிறது, அதற்கு ஒரு நகல் உண்டா என்று மட்டும் கேளுங்கள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலையாக, பயிற்சி வகுப்பை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே இருக்கும் செய்திகளை நீங்களே தளத்தில் ஏற்றுங்கள். இது சலிப்பூட்டும் வேலைதான். இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆனால் காலியான தளத்துக்குள் நுழைந்து "புதிய பக்கம்" என்ற பொத்தானை அழுத்தி ஏதாவது எழுது என்று சொல்வதற்கும், "உங்கள் ஊர்க் குளத்தின் பக்கம் உங்கள் பெயருடன் இருக்கிறது, சரியாக இருக்கிறதா பாருங்கள்" என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. எழுதத் தயங்குகிறவர்கள்கூடத் தவறைக் கண்டால் திருத்தாமல் இருக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் முதன்முதலாகத் தளத்துக்குள் தாமாக நுழைந்தவர் ஒரு விவசாயி. அவருடைய குளத்துக்கு மூன்று மடை என்று நாங்கள் எழுதியிருந்தோம். நான்காவது மடையைச் சேர்ப்பதற்காகவே அவர் தம் மகளின் உதவியுடன் கணக்குத் தொடங்கினார்.

பழைய கோப்புகளை ஏற்றும்போது எழுத்துருச் சிக்கல் தவறாமல் வரும். அரசு அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களின் கோப்புகள் பெரும்பாலும் வானவில் எழுத்துருவில் இருக்கும். அச்சகத்தில் தட்டச்சு செய்து வாங்கியவை வேறு ஏதாவது ஓர் எழுத்துருவில் இருக்கும். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்றுக்கொண்டது என்றாலும், வீட்டுக் கணினிகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் வாழ்கின்றன. அந்தக் கோப்பிலிருந்து வெட்டித் தளத்தில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகப் புரியாத வரி வந்து நிற்கும். அதைக் காணும் பெரியவர் தம் கோப்பே கெட்டுவிட்டதாக நினைத்துப் பதறிவிடுவார். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இதைச் சில நொடிகளில் ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அந்த மாற்றியைக் கற்றுக்கொள்ளும் வேலையைத் தன்னார்வலரிடம் தள்ளாதீர்கள். கோப்பை வாங்கி, நீங்கள் மாற்றி, அச்சிட்டு, மெய்ப்புப் பார்க்க அவரிடம் கொடுங்கள்.

ஒருங்குறியில் இருப்பதெல்லாம் சரியாக இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். பௌர்ணமி என்ற சொல்லில் ப-வுக்குப் பின் வருவது ஔகாரக் குறி. அதற்குப் பதிலாக எகரக் கொம்பை இட்டு, அடுத்து ளகரத்தை அடித்தால், பார்வைக்கு ஏறக்குறைய அதே உருவம் கிடைக்கும். கணினிக்கு அது முற்றிலும் வேறு சொல். எங்கள் தளத்தில் பௌர்ணமி வழிபாடு நடக்கும் படித்துறைகளைத் தேடியபோது பாதிப் பக்கங்கள் அகப்படாமல் போனதற்கு இதுவே காரணம். ஒரு மாணவி கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினார். ளகரம் மட்டும் மறைந்து கொம்பு தனியே நின்றது. அறையில் இருந்த அனைவருக்கும் அந்த ஒரு தட்டலில் விஷயம் விளங்கிவிட்டது. எழுதியவரைக் குறை சொல்லாமல், இத்தகைய பிழைகளை மாதம் ஒருமுறை நிர்வகிப்பவரே தேடி மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து, எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, படிவத்தில் இருக்கும் சொற்கள். உங்கள் தளத்தின் படிவத்தை வேறு எங்கிருந்தோ எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் "ஏரியின் பெயர்", "கலிங்கு எண்ணிக்கை" என்று இருக்கிறது. நம் பக்கத்தில் அது குளம். தண்ணீர் நிரம்பி வழியும் இடம் மறுகால். ராமநாதபுரத்துக்காரர் கண்மாய் என்பார். செங்கல்பட்டுக்காரர் ஏரி என்பார். சேரன்மகாதேவி விவசாயி தம் குளத்தை ஏரி என்று சொல்லும் படிவத்தைப் பார்த்தால், இது தமக்காகச் செய்தது அல்ல என்று அந்தக் கணமே தெரிந்துகொள்வார். அதை அவர் வெளியில் சொல்ல மாட்டார். திரும்பி வராமல் இருந்துவிடுவார். ஆகவே படிவத்தின் ஒவ்வொரு சொல்லையும் குழுவில் மூத்தவர்கள் நான்கைந்து பேரை உட்கார வைத்து முடிவு செய்யுங்கள். எங்களுக்கு இது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டது. ஆனால் அன்று வாய்மடை, மறுகால், குளத்தங்கரை என்று தாங்கள் சொன்ன சொற்கள் திரையில் வந்து நின்றதைக் கண்ட பிறகு, அந்த ஐவரும் தளத்தை "நம்ம தளம்" என்று பேசத் தொடங்கினார்கள். ஒரு பயிற்சி வகுப்பும் அதைச் செய்திருக்காது.

படிவம் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும். ஒரு கேள்விக்கு விடை எழுதாமல் விடுவதற்கும், அந்தப் பொருள் அங்கே இல்லை என்று சொல்வதற்கும், பார்க்கவில்லை என்று சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. மறுகால் என்ற கட்டம் காலியாக இருந்தால், அந்தக் குளத்துக்கு மறுகாலே இல்லையா, அல்லது முள்காடாக இருந்ததால் போய்ப் பார்க்க முடியவில்லையா என்பது ஐந்து ஆண்டு கழித்துப் படிக்கிறவருக்குத் தெரியாது. எனவே "உண்டு", "இல்லை", "பார்க்கவில்லை" என்று மூன்று தெரிவுகளை வையுங்கள். "பார்க்கவில்லை" என்று நேர்மையாகக் குறிக்க இடம் கொடுத்தால், அரைகுறையாகத் தெரிந்தவர்களும் தயங்காமல் பக்கத்தைத் தொடங்குவார்கள். மிச்சத்தை அடுத்தவர் நிரப்புவார். அளவுகளுக்கு அலகைக் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். ஏக்கர் என்று ஒருவரும் ஹெக்டேர் என்று ஒருவரும் எண்ணை மட்டும் எழுதினால், பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

பெயர்களிலும் கவனம் வேண்டும். புதுக்குளம், பெரியகுளம் என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் உண்டு. எனவே பக்கத் தலைப்பில் குளத்தின் பெயரோடு ஊரின் பெயரும் கட்டாயம் வர வேண்டும். ஒரே இடத்துக்குப் பல பெயர்கள் இருப்பதும் உண்டு. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும், 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தை நம்மில் பலர் ஆற்றுப்பாலம் என்றே சொல்கிறோம். ஆற்றின் பெயரையே ஒருவர் தாமிரபரணி என்றும் ஒருவர் தாமிரவருணி என்றும் ஒருவர் பொருநை என்றும் எழுதுவார். இவர்களில் யாரையும் திருத்தப் போகாதீர்கள். "வேறு பெயர்கள்" என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து எல்லாப் பெயர்களையும் அதில் எழுதச் சொல்லுங்கள். இங்கே ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை: வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் தலைப்பையும் கட்டுரையையும் சுருக்கத்தையும்தான் பார்க்கும், தனிக் கட்டங்களில் சேமித்ததைப் பார்க்காது. வேறு பெயர்களைக் கட்டுரையின் உடலில் ஒரு வரியாகவும் காட்டுங்கள், அல்லது கட்டங்களையும் தேடும்படி தேடலை விரிவுபடுத்தும் செருகுநிரலை (பிளகின்) சேருங்கள். தாம் எழுதியது தேடினால் கிடைக்கவில்லை என்றால் மறுநாள் யாரும் எழுத மாட்டார்கள்.

பகுப்புகளை மாவட்டவாரியாக அமைத்திருக்கிறீர்கள். அதை மாற்றலாம் என்பது என் கருத்து. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளில் தென்காசிப் பக்கத்து ஊர்களெல்லாம் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். மாவட்டத்தை வேண்டுமானால் ஒரு கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைப் பகுப்பு கால், அதாவது ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால், என்று இருக்கட்டும். தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளிலிருந்து 11 கால்கள் பிரிகின்றன: கோடைமேலழகியான் அணையின் வடகால், தென்கால் தொடங்கி, நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால், நெல்லைக் கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டத்தின் வடகால், தென்கால் வரை. நம் விவசாயியின் மனத்தில் குளங்கள் அடுக்கப்பட்டிருப்பது இந்த வரிசையில்தான். நயினார்குளம் நெல்லைக் கால்வாய்க் குளம் என்பது அவருக்குத் தெரியும். அது எந்த வருவாய் வட்டத்தில் வருகிறது என்பதை யோசித்துத்தான் சொல்வார். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்தில் ஆற்றுநீர் எட்டாத குளங்களுக்கு மானாவாரிக் குளங்கள் என்று தனிப் பகுப்பு போதும். அரசு எல்லை மாறினாலும் கால் மாறாது.

இனி உங்கள் தளத்தில் நான் கவனித்த ஒரு குறிப்பிட்ட தடங்கலைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் "கான்ட்ரிபியூட்டர்" என்ற நிலையில் கணக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பெயரைப் பார்த்தால் அதுதான் பொருத்தம் போலத் தோன்றும். ஆனால் வேர்ட்பிரஸில் அந்த நிலையில் இருப்பவரால் படங்களை ஏற்ற முடியாது. தம் பக்கம் வெளியான பிறகு அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. வெயிலில் அலைந்து நாற்பது படம் எடுத்து வந்த ஒருவர், படம் சேர்க்கும் பொத்தானைத் திரையில் தேடிக் காணாமல், தமக்குத்தான் கணினி தெரியவில்லை என்று முடிவு செய்து மூடி வைத்திருப்பார். அவர் உங்களிடம் புகார் சொல்லியிருக்க மாட்டார். இன்றே எல்லோரையும் "ஆத்தர்" நிலைக்கு மாற்றுங்கள். அதில் தம் பக்கத்தைத் தாமே வெளியிடலாம், திருத்தலாம், படம் ஏற்றலாம். பிறருடைய பக்கங்களைத் திருத்தும் "எடிட்டர்" நிலையைக் கால் ஒன்றுக்கு ஒருவருக்குக் கொடுங்கள். தவறாக ஏதாவது வெளியாகிவிடும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். என் அனுபவத்தில் தவறாக வெளியானவை சில. வெளியாகாமலே கிடந்து எழுதியவரின் ஆர்வத்தைக் கொன்றவை பல.

அதனால்தான் சரிபார்த்தலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஒருவர் எழுதியதற்கு இரண்டு நாளுக்குள் மறுமொழி போக வேண்டும். "பார்த்தேன், நன்றாக இருக்கிறது, மடையின் பெயரை மட்டும் உறுதி செய்யுங்கள்" என்ற ஒரு வரி போதும். செய்திப் பிழையை எழுதியவரிடமே கேட்டுத் திருத்த வேண்டும். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை போன்றவற்றைச் சத்தமில்லாமல் நீங்களே சரிசெய்துவிடலாம். ஆனால் அவருடைய நடையை மாற்றாதீர்கள். "மழைக்குத் தண்ணி நெறஞ்சு மறுகால் பாயும்" என்று அவர் பெரியவரின் பேச்சை அப்படியே எழுதியிருந்தால், அதை "பருவமழைக் காலத்தில் உபரிநீர் வெளியேறுகிறது" என்று ஆக்குவது திருத்தம் அல்ல. ஆவணத்தில் இருந்த உயிர் அதோடு போய்விடும்.

எழுதியதை வேறொருவர் அழித்துவிடுவாரோ என்ற அச்சம் மூத்தவர்களிடம் ஆழமாக இருக்கிறது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆறு மாதம் இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுங்கியிருந்தார். "நான் எழுதினத எவனாவது வந்து அழிச்சுட்டாம்னா நான் யார்ட்டம்மா போயி கேக்கது?" என்று அவர் கேட்டபோது, பக்கத்தில் இருந்த மாணவி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "சார்வாள், நீங்களே ஒரு பத்திய அழிச்சுப் பாருங்க" என்று விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார். அவர் தயங்கித் தயங்கி, தம்முடைய படித்துறைக் கட்டுரையின் மிக நல்ல பத்தியையே தேர்ந்தெடுத்து அழித்துச் சேமித்தார். பிறகு மாணவி "ரிவிஷன்ஸ்" என்ற இடத்தைத் திறந்தார். அழிந்த பத்தி சிவப்பு நிறத்தில் பக்கத்தில் வந்து நின்றது. யார் அழித்தது, எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதும் மேலே இருந்தது. மாணவி பட்டையை ஒரு படி பின்னால் இழுக்க, மீட்கும் பொத்தானை அவரே அழுத்தினார். இதை அவர் மூன்று முறை செய்து பார்த்தார். அன்றிரவே அவருடைய இரண்டாவது கட்டுரை வந்தது. எனவே பதிப்பு வரலாற்றைப் பற்றிப் பேசுவதைவிட, ஒவ்வொருவரையும் தம் கையால் ஒருமுறை அழித்து மீட்க வைத்துவிடுங்கள்.

இதே காரணத்தால்தான் குழு முழுவதற்கும் ஒரே கணக்கு என்ற எளிய வழியை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. கடவுச்சொல் மறக்கும் தொல்லை அதில் குறையும் என்பது உண்மைதான். ஆனால் யார் எழுதியது என்ற தடம் அழிந்துவிடும். பக்கத்தின் கீழே அவரவர் பெயர் வராது. சம்பளம் இல்லாத வேலையில் அந்தப் பெயர் ஒன்றுதான் அவருக்குக் கிடைப்பது.

பயிற்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரங்கில் இருபது பேரை உட்கார வைத்துத் திரையில் காட்டுவதால் பயன் மிகக் குறைவு. அவர் வீட்டுத் திண்ணையில், அவருடைய கைபேசியில், அவர் எழுதிய குறிப்பை வைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். கைபேசியை அவர்தான் பிடித்திருக்க வேண்டும். கற்றுத் தருகிறவர் வாங்கித் தாமே தட்டிவிடக் கூடாது. இந்த வேலைக்குக் கணினியில் கெட்டிக்காரரைவிடப் பொறுமை உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கார் சாகுபடி தொடங்கும் ஜூனிலும், பிசான நடவு மும்முரமாக இருக்கும் அக்டோபர், நவம்பரிலும் விவசாயிகளை அழைத்தால் வர மாட்டார்கள். வராததைத் தயக்கம் என்று நாம் தவறாக எண்ணிக்கொள்வோம். மாணவர்களுக்கு ஏப்ரல் ஆகாது. எங்களுக்குப் பொங்கல் கழிந்த சில வாரங்கள் பொருந்தி வந்தன.

தட்டச்சு முறையில் யாரையும் மாற்ற முயலாதீர்கள். ஓய்வுபெற்ற அலுவலகப் பணியாளரின் விரல்கள் பழைய தட்டச்சுப்பொறி வரிசையில் பழகியவை, மாணவர் ஆங்கில ஒலிப்பு முறையில் அடிப்பார், சிலர் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அடிப்பார்கள். என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றில் எல்லா விசைப்பலகைகளும் இருக்கின்றன; எதில் அடித்தாலும் வெளிவருவது அதே ஒருங்குறிதான். கைபேசியில் பேசி எழுதும் வசதியை முதியவர்கள் மகிழ்ந்து பயன்படுத்துகிறார்கள். ஊர்ப்பெயர்களையும் மடைப்பெயர்களையும் மட்டும் அது தவறாகக் கேட்கும். அவற்றைக் கையால் திருத்தினால் போதும்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு, மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலைப் பக்கம் போகிறவர்களுக்குக் கைபேசித் தொடர்பு பல இடங்களில் இருக்காது. அங்கே நின்று படிவத்தை நிரப்பச் சொல்வது வீண். திரையில் உள்ள அதே கேள்விகளை அதே வரிசையில் ஒரு தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் பத்துப் பிரதி கொடுங்கள். வரிசை ஒன்றாக இருப்பது மிக முக்கியம். மாலையில் வீட்டில் உட்கார்ந்து ஏற்றும்போது கண் தாளுக்கும் திரைக்கும் இடையே அலையாது. நாளடைவில் சிலர் தாளை விட்டுவிடுவார்கள், சிலர் விட மாட்டார்கள். இரண்டும் சரியே.

வாட்ஸ்அப் குழுவை மூடிவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அங்கேதான் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு பழக்கத்தை ஏற்படுத்துங்கள்: குழுவில் யாராவது ஒரு செய்தி போட்டால், பொறுப்பாளர் அதை உரிய பக்கத்தில் சேர்த்துவிட்டு, "உங்கள் குறிப்பு இங்கே சேர்ந்துவிட்டது" என்று அந்தப் பக்கத்தின் சுட்டியை (லிங்க்) குழுவில் இடட்டும். இரண்டு மாதம் விடாமல் இதைச் செய்தால், தேடிப் பார்க்க வேண்டிய இடம் எது என்பது எல்லோருக்கும் பழகிவிடும். சுட்டிகளைப் பற்றி ஒன்று: பக்க முகவரி தமிழில் இருந்தால், பல செயலிகளில் அதை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது குறிகளாக விரிந்துவிடும். தாமிரபரணி என்ற ஒரு சொல்லே 81 குறிகள் ஆகும். விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த அந்த நீளச் சரத்தைப் பார்த்து, ஏதோ மோசடிச் சுட்டி என்று அஞ்சித் தொடாமல் விட்டவர்கள் எங்கள் குழுவில் உண்டு. வேர்ட்பிரஸ் அந்த முகவரியை 200 குறிகளோடு வெட்டியும்விடும். தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரிக்கு மட்டும் ஒரு சிறிய எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு, எடுத்த நாளும் இடமும் படக்கோப்பிலிருந்து நீங்கிவிடும். வெள்ள மட்டத்தைக் காட்டும் படத்தில் அந்த இரண்டும் போனபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர். நேரே தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். முடியாதவர்கள் "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்பட்டும். குளத்தங்கரையில் பேசிய பெரியவர்களின் கைபேசி எண்ணைப் பக்கத்தில் போடக் கூடாது, அவர்களுடைய படத்தை அவர்கள் ஒப்புதலோடுதான் போட வேண்டும் என்பதையும் தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

தளத்தின் இணையப் பெயரும் (டொமைன்) அது இருக்கும் சர்வர் இடமும் யாருடைய பெயரில், யாருடைய வங்கி அட்டையில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றன என்பதை உடனே பாருங்கள். வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடும் ஓர் இளைஞரிடம் மட்டும் அது இருந்தால் ஆபத்து. மூன்று பேரிடமாவது திறவுகோல் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை முழு நகல் எடுத்து, ஆற்றுக்கு அருகில் ஒரு வீட்டிலும் ஆற்றுக்குத் தொலைவில் ஒரு வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, என்ன செய்தும் உள்ளே வராதவர்களைப் பற்றிக் கவலையோடு எழுதியிருந்தீர்கள். நான் முதலில் சொன்னேனே, நோட்டுகள் நனைந்துபோன தோழர், அவர் இன்றுவரை தளத்தைத் தொட்டதில்லை. இப்போதும் நோட்டில்தான் எழுதுகிறார். பேனாவை மட்டும் பால்பாயிண்டுக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மாலையில் அந்த மாணவி அவர் வீட்டுக்குப் போய், புதிய தாள்களைக் கைபேசியில் படம் எடுத்து, அவர் வாசித்துச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஏற்றுகிறார். தாளின் படமும் அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர், பதிந்தவர் என்ற இடத்தில் மாணவியின் பெயர். சென்ற மாதம் வரை எங்கள் தளத்தில் மிக அதிகமான மடைப் பெயர்கள் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான். உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு துணையைப் பார்த்துக் கொடுங்கள்.